ஊர் கூடித் தேர் இழுக்கிறது. ஊர் என்றால் யார்?

ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் கொங்கு நாட்டுப் பிள்ளைகள் பலர் தோல் அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு இன்ஸ்டாகிராமில் வந்து நிற்பார்கள். கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் பொறியியல் படித்து, மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி போனவர்கள். கையில் ஒரு லிட்டர் பீர் குவளை, பின்னால் மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட் கூடாரம். நம் பிள்ளைகள் நாலு ஊர் பார்ப்பதில் மகிழ்ச்சிதான். அந்தப் படங்களுக்குக் கீழே தவறாமல் வந்து விழும் ஒரு பின்னூட்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது: "பாருங்க, ஜெர்மன்காரன் அவன் மரபை எப்படிக் கொண்டாடுறான். நாம கும்மி ஆடினாலும் தேர் இழுத்தாலும் மட்டும் சாதின்னு சொல்லிக் கொச்சைப்படுத்துவாங்க."

சாதிச் சங்கத்துக்காரர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. நம்மோடு படித்த, நம்மோடு டீ குடிக்கிற நண்பர்களும் நம்பிச் சொல்கிறார்கள். ஆகவே கிண்டல் செய்து கடந்துபோவதைவிட, அவர்கள் காட்டுகிற அந்த ஜெர்மன் திருவிழாவையே எடுத்து வைத்துப் பேசுவோம்.

மரபு எப்போது பிறந்தது?

1810 அக்டோபர் 12 அன்று பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் திருமணம் நடந்தது. ஐந்து நாள் கழித்து, நகரத்துக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் வைத்து மக்களை அழைத்தார்கள். அதுதான் அக்டோபர்ஃபெஸ்ட்டின் தொடக்கம். மணமகளின் பெயரால் அந்தத் திடல் இன்றும் தெரேசியன்வீஸ என்றே அழைக்கப்படுகிறது. பவேரியா முடியரசு ஆகி அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. புதிய அரசுக்குத் தன் குடிமக்களை ஒன்றாகக் கூட்டிக் காட்ட ஒரு கொண்டாட்டம் தேவைப்பட்டது.

எல்லோரும் படம் எடுக்கிற மரபுடை ஊர்வலம் முதன்முதலில் நடந்தது 1835-இல், அதே அரச தம்பதியின் திருமண வெள்ளிவிழாவுக்காக. அது ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது 1950-இல். மேயர் முதல் பீப்பாயைத் தட்டித் திறக்கும் சடங்கும் 1950-இல் வந்ததுதான். அதாவது, 'காலங்காலமாக' என்று நாம் வியந்து பார்ப்பதில் பாதி நம் தாத்தா பாட்டி காலத்தில் உருவானது. அதனால் அது பொய் என்று நான் சொல்லவில்லை. மரபு என்பது மனிதர்கள் செய்வது. ஒவ்வொரு தலைமுறையும் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கிறது. அப்படியானால், அந்த முடிவை யார் எடுக்கிறார்கள் என்று கேட்கலாம்.

'ஃபோல்க்' யார், 'ஊர்' யார்?

இத்தகைய விழாவை ஜெர்மன் மொழியில் 'ஃபோல்க்ஸ்ஃபெஸ்ட்' என்பார்கள். 'ஃபோல்க்' என்றால் மக்கள்; மக்கள் திருவிழா. நாஜிகள் கையில் வைத்துக்கொண்டு ஆடியதும் இந்த 'ஃபோல்க்' என்ற சொல்லைத்தான். மக்கள் என்றால் 'தூய' ஜெர்மானிய ரத்தம் உள்ளவர்கள். யூதர் அதில் இல்லை என்றார்கள். அவர்களுடைய ஆட்சியில் யூதர்கள் அக்டோபர்ஃபெஸ்ட்டில் வேலை செய்யக்கூடத் தடை வந்தது. திடலில் ஸ்வஸ்திகாக் கொடி பறந்தது.

இதில் ஒரு கொடுமை உண்டு. இன்று 'பவேரிய மரபுடை' என்று உலகமே அறிந்த டிர்ண்டில் என்ற பெண்கள் உடையை நகரத்து மக்களிடம் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் யூலியுஸ், மோரிட்ஸ் வாலாக் என்ற யூதச் சகோதரர்கள். 1900-இல் மியூனிக்கில் கடை போட்டவர்கள். 1910-இல் அக்டோபர்ஃபெஸ்ட் நூற்றாண்டு ஊர்வலத்துக்கு உடை தந்தவர்கள். 1938-இல் அவர்களுடைய கடை அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. நாட்டைவிட்டே அவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. அதே ஆண்டு சால்ஸ்புர்க்கில், யூதர்கள் இந்த மரபுடைகளை அணியவே கூடாது என்று காவல்துறை உத்தரவு போட்டது. உடையைத் தந்தவர்களுக்கே அந்த உடை விலக்கப்பட்டது.

இதைப் படிக்கும்போது நமக்கு வேறு ஏதாவது நினைவுக்கு வருகிறதா?

"ஊர் கூடித் தேர் இழுக்கணும்" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். தமிழில் 'ஊர்' என்ற சொல்லுக்குள்ளேயே வேலி இருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு. எங்கள் கொங்குப் பக்கம் சொன்னால் ஊர் வேறு, வளவு வேறு. 'ஊர்ப் பொது' என்று எழுதி வைத்த கிணறும் சாவடியும் கோயிலும் யாருக்குப் பொதுவாக இருந்தன என்று எல்லோருக்கும் தெரியும். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், தலித்துகளும் வடம் பிடிக்கும் உரிமை கேட்டார்கள் என்பதற்காகத் தேரே பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. பலத்த போலீஸ் காவலோடு 2024 ஜூனில்தான் மீண்டும் ஓடியது. தேர் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் தொடக்கூடாது என்று நினைத்த ஊர் அது.

தப்பட்டை முன்னால், சாமி பின்னால்

கொங்கில் திருவிழாவை நோம்பி என்போம். மாரியம்மன் நோம்பி சாட்டுவது தப்பட்டைச் சத்தத்தோடுதான். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஊரில் விரதம், கம்பம், பூவோடு எல்லாம். என் அப்பா பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாற்பது வருடம் அந்தத் தப்பட்டையை அடித்தார். ஊர்வலத்தில் தப்பட்டை முன்னால் போகும், சாமி பின்னால் வரும். வாய்க்கால் பாலம் வந்ததும் சாமி திரும்பிவிடும். பாலத்துக்கு அந்தப்பக்கம் எங்கள் வளவு. சாமியை அழைத்து வந்தவரின் வீட்டு வாசலுக்குச் சாமி ஒருநாளும் வந்ததில்லை. கூலி என்று கேட்டு வாங்கும் உரிமையும் அவருக்கு இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். 'முடியாது' என்று சொல்லும் உரிமை சுத்தமாக இல்லை.

என் தலைமுறையில் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். இப்போது அதே ஊர் ஜமாப் செட்டுக்கு முன்பணம் கொடுத்து, மரியாதையாகப் பேசி அழைக்கிறது. வேலை ஒன்றுதான். சாதிக் கடமையாக இருந்தபோது இல்லாத மரியாதை, கூலி வேலையானதும் வந்துவிட்டது. ஆனால் சாமி இன்னும் பாலத்தோடு திரும்பிவிடுகிறது.

ஒரே பெஞ்சு

2023-இல் ஒரு ஆய்வரங்குக்காக மியூனிக் போயிருந்தபோது ஒரு நாள் நானும் அக்டோபர்ஃபெஸ்ட் பார்க்கப் போனேன். திடலுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. கூடாரத்துக்குள் நீளநீளமான மேசை, முதுகு சாயாத பெஞ்சு. இடம் இருக்கிற பெஞ்சில் முன்பின் தெரியாதவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து குவளையை முட்டிக்கொள்கிறார்கள். எனக்குப் பீரைவிட அந்தப் பெஞ்சுதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பக்கம் நாட்டுப்புறத்து விவசாயி மாதிரி ஒரு பெரியவர், இன்னொரு பக்கம் இரண்டு இத்தாலிய மாணவிகள். என் சாதியை அறிந்துகொள்ளும் தேவை அங்கே யாருக்கும் இல்லை.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பையன் தமிழ் கேட்டுத் திரும்பினான். கோவைக்காரன், கார் நிறுவனம் ஒன்றில் வேலை. ஐந்து நிமிடம் அன்னபூர்ணா காபி, காந்திபுரம் டிராபிக் என்று பேச்சு அருமையாகப் போனது. பிறகு வந்தது கேள்வி.

"அண்ணா, நீங்க எந்தக் கூட்டமுங்க? கோயில் எதுங்க?"

கொங்குக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: கூட்டம் என்றால் கவுண்டர்களின் குலப்பிரிவு. எந்தக் காணிக் கோயில் என்பதும் அதே விசாரணைதான். சாதி என்ற சொல்லே வராமல் சாதி கேட்கிற எங்கள் ஊர் நாகரிகம்.

"கூட்டமெல்லாம் இல்லீங்க தம்பி. எங்கப்பா நோம்பிக்குத் தப்பட்டை அடிக்கிறவருங்க" என்றேன்.

அவன் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. சிரித்தான், தலையாட்டினான். பேச்சு ரயில் நேரத்துக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போய்விட்டான். ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவன், தோல் அரைக்கால்சட்டைக்குள்ளே வாய்க்கால் பாலத்தையும் சுருட்டி எடுத்து வந்திருந்தான்.

பீர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். ஜெர்மன்காரன் பீரைக் கொண்டாடுகிறான், நம் கள்ளுக்கு மட்டும் 1987-இலிருந்து தடை என்று கொங்கு விவசாய அமைப்புகள் கேட்கின்றன. டாஸ்மாக் வைத்து அரசே சீமைச் சரக்கு விற்கிற மாநிலத்தில் இது நியாயமான கேள்விதான். என் கேள்வி அடுத்தது: நாளைக்குக் கள்ளுக்கடை திறந்தால் அங்கே எத்தனை பெஞ்சு, எத்தனை வகைக் குவளை? டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த மாவட்டங்கள் இவை. மியூனிக்கிலிருந்து பீரை மட்டும் உதாரணம் காட்டி, பெஞ்சை விட்டுவிட முடியாது.

திருச்செங்கோடு, 2015

கொங்கின் பெரிய தேர்களில் ஒன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் வைகாசித் தேர். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. குழந்தை இல்லாத ஒரு தம்பதியின் துயரத்தை அந்தத் தேர்த் திருவிழாவின் ஓர் இரவோடு இணைத்து எழுதப்பட்ட நாவல். அந்த ஓர் இரவில் மட்டும் ஊரின் கட்டுகள் தளர்கின்றன. யாரும் யாரோடும் சேரலாம். நான்கு ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத நாவல் 2014 டிசம்பரில் திடீரென்று எரிக்கப்பட்டது. சாதிச் சங்கங்களும் இந்துத்துவ அமைப்புகளும் கைகோத்து நின்றன. திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் அரசு அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்ற பெயரில் எழுத்தாளர் பணிய வைக்கப்பட்டார். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெண்களை இழிவுபடுத்திவிட்டார் என்று வெளியே சொன்னார்கள். உள்ளே குத்தியது வேறு: அந்த இரவில் பிறக்கும் பிள்ளையின் தகப்பன் எந்தச் சாதி என்று தெரியாது. கதையில்கூட அதைத் தாங்க முடியவில்லை.

ஐந்தே மாதம். 2015 ஜூன் 23 அன்று, அதே மலைக்கோயிலுக்குத் தன்னோடு படித்த பெண்ணுடன் வந்தார் ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ். பெண் கவுண்டர். கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்ட எல்லா ஏற்பாடுகளும் நடந்திருந்தன. கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவுதான் வழக்கைத் தூக்கி நிறுத்தியது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் யுவராஜ் உட்படப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது.

கதையில் ஒரு மலை, நிஜத்தில் அதே மலை. இரண்டு இடத்திலும் குற்றம் ஒன்றுதான்: கோயிலில், திருவிழாவில், ஒரு ஆணும் பெண்ணும் சாதி கேட்காமல் பக்கத்தில் நின்றது.

வள்ளி யாரைக் கட்டினாள்?

கும்மிக்கு வருவோம். வள்ளி கும்மி அழகான ஆட்டம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். மரபு மாறக்கூடியது என்பதற்குக் கொங்கு மண்ணிலேயே கிடைக்கிற நல்ல உதாரணம்.

அதே 2024-இல் என்ன நடந்தது? நாமக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு அறிவிக்கப்பட்ட ஒரு வேட்பாளர், வள்ளி கும்மி நிகழ்ச்சியில் பெண்களைத் தன் சாதிக்குள்தான் திருமணம் செய்வோம் என்று உறுதிமொழி எடுக்கவைத்த பழைய காணொலி வெளிவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வேட்பாளர் மாற்றப்பட்டார். உறுதிமொழி எடுத்த பெண்பிள்ளைகளிடம் அது திரும்பப் பெறப்பட்டதா?

வள்ளி கும்மியில் பாடப்படும் கதை என்ன? வேடர் வீட்டுப் பெண், தினைப்புனம் காத்தவள், அப்பன் அண்ணன்மாருக்குத் தெரியாமல் காதலித்துக் கல்யாணம் செய்த கதை. உறவினர்கள் ஆயுதத்தோடு துரத்தி வந்த கதை. தமிழ்நாட்டின் மிகப் பழைய சாதி மறுப்புக் காதல் கதையைப் பாடி ஆடிவிட்டு, கடைசியில் சாதி மாறிக் கட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்குகிறார்கள். இதை மரபு என்று சொன்னால் வள்ளியே ஒப்பமாட்டாள்.

அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோதே சொல்லிவிட்டார்: சேர்ந்து உண்பது மட்டும் சாதியை ஒழிக்காது, கலப்பு மணம்தான் உண்மையான மருந்து. ஒரே பெஞ்சு முதல் படி. சாதிச் சங்கங்கள் காவல் காப்பது அடுத்த படியை.

ஜெர்மனி சொர்க்கமா?

இல்லை. 2024-இல் அங்கே ஒரு லிட்டர் பீர் பதினான்கு, பதினைந்து யூரோ. ஏழைக்கு அது திருவிழா அல்ல. கூட்டத்தில் பெண்கள் மீதான அத்துமீறல் எவ்வளவு என்றால், அதற்கென்றே உதவி மையம் வைத்திருக்கிறார்கள். 1980 செப்டம்பர் 26 இரவு, அந்தத் திடலின் வாசலிலேயே ஒரு நவநாஜி வைத்த குண்டு வெடித்தது. அவனோடு சேர்த்து 13 பேர் இறந்தார்கள், 200-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். தனிமனித விரக்தி என்று வழக்கை முடித்தார்கள். நம்மூரில் 'தனிப்பட்ட பகை' என்று எழுதுவதுபோல. உயிர் பிழைத்தவர்களும் ஒரு பத்திரிகையாளரும் ஒரு வழக்கறிஞரும் விடாமல் போராடினார்கள். மீண்டும் விசாரித்து, 2020-இல்தான் அது வலதுசாரித் தீவிரவாதம் என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. நாற்பது ஆண்டுகள்.

அந்த வாசலில் இன்று நினைவிடம் இருக்கிறது. பீர் குடிக்கப் போகிற லட்சக்கணக்கானவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். இங்கே யாரைக் கொன்றோம் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் அந்த ஊர் கொண்டாடுகிறது. நம் நண்பர்கள் ஜெர்மனியிடம் கற்றுக்கொள்ள விரும்பினால் இதைக் கற்றுக்கொள்ளட்டும்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

பெரியாரியத் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: சாமியே வேண்டாம் என்கிற நமக்கு, சாமி எந்தத் தெருவில் வந்தால் என்ன? 1930-இல் நாசிக் காலாராம் கோயில் போராட்டத்தில் தேர் இழுக்கும் உரிமைக்காகத் தலித் மக்கள் கல்லடி பட்டார்கள். அம்பேத்கருக்கு ராமர் மீது பக்தி இருந்ததாலா? ஐந்து ஆண்டு கழித்து, இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தவர் அவர். தெரு பொதுச்சொத்து. அதில் யார் நடக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு சாதியிடம் இருக்கக்கூடாது. கும்பிடுவதும் கும்பிடாததும் அதற்குப் பிறகு அவரவர் விருப்பம்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். அறநிலையத்துறைக் கோயில்களின் ஊர்வலப் பாதையை முன்கூட்டியே எழுத்தில் வெளியிட வேண்டும். வளவும் சேரியும் அதில் இருக்க வேண்டும். 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சமய, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதைத் தடுப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. தடுத்தால் அந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டும். தப்பட்டை அடிப்பது யாருக்கும் சாதிக் கடமை அல்ல; அடிப்பவருக்குப் பேசிய கூலி, அடிக்க மறுப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். சாதி உறுதிமொழி எடுக்கும் மேடைக்குக் கல்லூரி மைதானமோ அரசு நிதியோ தரக்கூடாது. சாதி ஆணவப் படுகொலைக்கு எதிராகத் தனிச்சட்டம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் கோகுல்ராஜுக்கு ஒரு நினைவுக்கல் வேண்டும். வைகாசித் தேர் அந்த வழியாக வரும்போது வடம் பிடிக்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் அது படவேண்டும். தோழர்களே, இந்தக் கோரிக்கை மனுவை எழுதத் தொடங்குவோம். எழுதிய பிறகு முதல் கையெழுத்துக்கு நம் வகுப்புத் தோழர்களிடமே போவோம், மியூனிக்கில் இருப்பவர்களிடமும்.